கத்தரிப்பூ நூல் சுற்றிய நுனி

1

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்தாறாம் திகதி நான் ஆற்றுக்குப் போகிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில், நான் பஸ் ஓட்டும் ஊருக்கு வெளியே, செம்மறிகள் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே ஓடும் ஆறு அது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் என்பதால் எனக்கு விடுமுறை. அந்த மாதத்தில் ட்ரவுட் பிடிக்க இங்கே சட்டம் விடாது. கிரேலிங் என்ற சாம்பல் மீனைப் பிடிக்கலாம், தூண்டில் போடும் அனுமதிச் சீட்டு கையில் இருந்தால். முதல்முறை அந்தச் சீட்டுக்கு விண்ணப்பித்தபோது என் விசாவின் பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். மீன் பிடிக்க விசா தேவையில்லை என்று ஒரு பெண் தொலைபேசியில் சிரித்துக்கொண்டு சொன்னார். கல்முனையில் அடையாள அட்டை இல்லாமல் கடைத்தெருவுக்கும் போகாமல் வளர்ந்தவனுக்கு அது உடனே நம்பக்கூடிய செய்தியாக இருக்கவில்லை.

என் கையில் இருப்பது மூங்கில் தூண்டில். நம்மூரில் வெட்டி எடுக்கும் முழு மூங்கில் அல்ல. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஆறு மெல்லிய கீற்றுகளை முக்கோணமாகச் சீவி, ஆறையும் சேர்த்து ஒட்டி, பென்சிலைப் போல ஆறு பக்கம் உள்ளதாகச் செய்த கம்பு. இதில் புழுவோ இறாலோ கோர்ப்பதில்லை. சேவல் இறகையும் நூலையும் கொண்டு கட்டிய பொய்ப் பூச்சியை வீசி மீனை ஏமாற்றுவார்கள். ஃபிளை றொட் என்று பெயர். கார்பன் கம்புகள் வந்த பிறகு மூங்கிலை அநேகர் கைவிட்டார்கள். என்னைப் போன்ற சிலர் பழையவற்றைத் தேடி வாங்குகிறோம்.

பிற்பகலில், கரையில் நின்றபடியே மருதமுனைக்குத் தொலைபேசி எடுப்பேன். அங்கே மாலையாகியிருக்கும். என் காக்காவின், அதாவது மூத்த சகோதரர் முபாரக்கின், மனைவி பேசுவார். காக்காவைக் கடைசியாக யார் எங்கே கண்டதாகச் சொன்னார்கள் என்பதை மதினி விவரமாகச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான்கு வருடம் அப்படித்தான் போனது.

2

என் பெயரை உங்களில் சிலர் அறிய மாட்டீர்கள். "கல்முனை நிருபர்" என்ற பெயரில் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்த வேலையை விட்டுத்தான் இங்கே வந்தேன். காக்கா ஊரிலேயே இருந்தார்.

அவரிடமும் இப்படி ஒரு மூங்கில் தூண்டில் இருந்தது; அது முதலில் எங்கள் தந்தையான வாப்பாவினுடையது. வாப்பா மருதமுனைக் கைத்தறிச் சாரன்களை மலைநாட்டுக்குக் கொண்டுபோய் விற்றார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோட்டத்தை விட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை விற்றார்கள். வாப்பா ஒரு சுவர்க்கடிகாரத்தையும் துணிப்பையில் சுற்றிய ஒரு கம்பையும் கொண்டுவந்தார். பைக்குள் மூன்று துண்டுகள் இருந்தன. தக்கைப் பிடி வைத்த அடித்துண்டு ஒன்று, நுனித்துண்டு இரண்டு. நுனிதான் முறியும் என்பதால் செய்தவர்களே இன்னொரு நுனியையும் சேர்த்து விற்பது வழக்கம். அடியையும் நுனியையும் பொருத்துவதற்குப் பித்தளைப் பூண்கள். ஒரு பூணைச் செய்தவன் அதன் இணைக்கு மட்டுமே பொருந்தும்படி கையால் தேய்த்திருப்பான். வேறு கம்பின் பூண் அதற்குள் போகாது.

எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறது என்று வாப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை என்று காக்கா எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னார்.

"மாடு எண்டா சரி. அறுத்தது ஆரு?" என்று வாப்பா கேட்டார்.

"அத நான் திங்கவா போறன் வாப்பா? மீனுக்குத்தானே."

"மீனத் தின்னப்போறது நாம."

அந்த வாதம் முடியவில்லை. வாப்பா கடைசிவரை கம்பைத் தொடவில்லை. அது காக்காவின் உடைமையாயிற்று.

காக்கா மருதமுனையில் பெண் எடுத்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணின் வீட்டுக்குப் போனார். கடற்கரையோர வீடு, பின்னால் கைத்தறிப் பட்டறை. மாமனாரின் தறியில் மிஞ்சிய நூலை எடுத்துப் பூச்சி கட்டப் பழகினார். கம்பில் வளையங்களைப் பிடித்திருந்த துரைமாரின் பட்டுநூல் இற்றுப்போனபோது அதையெல்லாம் பிரித்துவிட்டு, கத்தரிப்பூ நிற நூலால் சுற்றினார். அது மதினியின் கலியாணச் சேலைக்கு வாங்கியதில் மிஞ்சிய நூல். மதினி அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. தன்னை முடிப்பதற்கு முன்பே இந்தாளுக்கு அந்தக் கம்போடு நிக்காஹ் ஆகிவிட்டது, தன் சேலையை எடுத்து அவளுக்கு உடுத்தியிருக்கிறார் என்று பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கிட்டங்கிப் பாலத்தடியில் காக்கா அதை வீசும்போது பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். மீன் படாத நாட்களே அதிகம். அவர் வீட்டுக்கு வந்ததும் மதினி கேட்கும் முதல் கேள்வி, "இண்டைக்கு மீன் ஏதும் பட்டதா?" என்பது. கேட்கும்போதே மீன்காரனிடம் வாங்கிய மீன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்.

3

2004இல் ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனேன். திரும்பும்போது காக்கா ஒரு நுனித்துண்டைப் பழைய சாரனில் சுற்றித் தந்தார். கதவில் சிக்கி மேல்முனை முறிந்திருந்தது. "செஞ்ச ஊருக்குத்தானே போறாய். அங்க ஆரும் ஒட்டித் தருவான்," என்றார். மற்ற நுனி அவரிடம் இருந்தது.

தூண்டில் கடையில் என் ஆங்கிலம் சறுக்கியது. திருத்துகிறவர் என்ற சொல் வாயில் வராமல், மூங்கிலுக்கு ஒரு டொக்டர் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு முகவரியைத் தந்தார். அந்த முகவரியில் இருந்த மனிதருக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. இன்றும் எனக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளில் "மூங்கில் டொக்டர்" என்றே ஆங்கிலத்தில் கையெழுத்திடுகிறார்.

அவர் முறிந்த இடத்தில் புது மூங்கிலைச் சரித்து வைத்து, இந்தக் காலத்துப் பசையால் ஒட்டினார். கத்தரிப்பூ நூலைப் பிரித்துப் பழைய முறைப்படி பட்டு சுற்றினால் மதிப்புக் கூடும் என்றார். வேண்டாம் என்றேன். கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார். வார்னிஷ் தேய்ந்திருக்கிறது, உள்ளே இருப்பது தோலைக் காய்ச்சிய பசை. மழையில் நனைந்தால் பாதகமில்லை, தண்ணீரில் ஊற விட்டால் கரைந்துவிடும். கம்பு மறுபடி ஆறு கீற்றாகிவிடும்.

நான் அதைக் குழாயில் போட்டு, மேசையின் கீழ் வைத்தேன். அடுத்த விடுமுறைக்குக் கொண்டுபோவதாகக் காக்காவுக்குச் சொன்னேன். அது டிசம்பர் தொடக்கம்.

4

அந்த மாதம் நல்ல மழை. வயல்வெளியெங்கும் வெள்ளம்; கிட்டங்கியில் தண்ணீர் கலங்கல். அதனால்தான் இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை காக்கா ஆற்றுக்குப் போகாமல் வீட்டின் பின்னாலிருந்த கடலுக்குப் போனார். தோளில் கம்பு இருந்ததை மதினி கண்டிருக்கிறார். மகள் ஷிஃபானா பிரதான வீதிக்கு அப்பால் ரியூஷன் வகுப்பில் இருந்தாள். மதினி சந்தைக்குப் புறப்பட்டார். அவர் திரும்பி வர வீடு இருக்கவில்லை.

மையித்துகளை வயல் பக்கத்திலிருந்தும் வேலிகளிலிருந்தும் எடுத்து அடக்கினார்கள். எடுத்த ஒவ்வொருவரையும் மதினி போய்ப் பார்த்தார். காக்கா அவர்களில் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மதினி பள்ளிக்கூட முகாமில் இருந்தார். அழுது முடித்த முகம் அல்ல; கணக்குப் போடுகிற முகம்.

"தம்பி, மூங்கில் மிதக்கும். கதவு வந்திச்சி, கதிர வந்திச்சி, ஆக்கள்ற வள்ளமெல்லாம் வயலுக்க கிடக்கு. அந்தக் கம்பு மட்டும் எங்க போன?"

கம்பு வரவில்லை என்றால் அது அவர் கையில்தான் இருக்கிறது. அவர் எங்கோ கரையேறியிருக்கிறார். மதினியின் தர்க்கம் இதுதான். அதில் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தூண்டில் நூல் சுற்றிய பித்தளை றீல் கனம், பூண் கனம், கம்பு தாழும். கடல் நீரில் கிடந்தால் பிரிந்துபோகும். கீற்றுகள் கரைக்கு வந்திருந்தாலும் யாரும் அவற்றைத் தூண்டில் என்று கண்டிருக்க மாட்டார்கள். விளக்குமாற்றுக் குச்சி என்று மிதித்துப் போயிருப்பார்கள். இதை நான் சொல்லவில்லை. உறுதிப்படுத்தாத மரணத்தை எழுதக்கூடாது என்பது பத்திரிகையில் எனக்குக் கற்பித்த முதல் பாடம்.

மதினி மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்தார். காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதிய அரசாங்கம் வழி செய்தது. கிராம சேவகர் வீடு தேடி வந்தார். மதினி அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். வெள்ளை உடுத்தவில்லை, விதவைகள் வீட்டோடு தங்கும் இத்தா இருக்கவில்லை.

நான் இங்கே திரும்பினேன். மேசையின் கீழே நுனி இருந்தது. அதற்குப் பிறகுதான் பழைய கம்புகளை வாங்கத் தொடங்கினேன். ஏல மண்டபங்களுக்கும், ஞாயிறு காலைகளில் வயல்வெளியில் நடக்கும் பழஞ்சாமான் சந்தைகளுக்கும் போவேன். அடித்துண்டு ஒன்று கண்ணில் பட்டால், குழாயைத் திறந்து காக்காவின் நுனியை எடுத்து அதன் பூணில் பொருத்திப் பார்ப்பேன். பொருந்தாது. பொருந்தாது என்று தெரிந்தே பார்த்தேன். சும்மா திரும்ப வெட்கப்பட்டு அந்தக் கம்பை வாங்கிவிடுவேன். சேகரிப்பு என்று மற்றவர்கள் சொல்வது இப்படி வளர்ந்ததுதான்.

என் மகள் ஸாரா சிறுவயதில் என்னோடு ஆற்றுக்கு வந்தவள். பிறகு நின்றுவிட்டாள். பாடசாலையில் சுனாமியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கினாள். வாசித்துப் பார்த்தேன். கண்டத்தட்டுகள், அலையின் வேகம், அம்பாறைக் கரையின் படம் எல்லாம் இருந்தன. அவளுடைய பெரிய வாப்பா, என் காக்கா, அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது புவியியல் பாடம், டாட்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் சொன்னது சரி.

5

யுத்தம் மதினியின் நம்பிக்கைக்குக் காவலாக நின்றது. கடலில் மிதந்தவர்களை ஒரு படகு ஏற்றி வடக்கே கொண்டுபோனது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யுத்தம் மறுபடி தொடங்கியதும் பாதை மூடியது, கடிதம் போகாது, தொலைபேசி இல்லை. ஒருவர் உயிரோடு இருந்தும் சேதி அனுப்ப முடியாமல் இருப்பதற்கு அத்தனை காரணங்களும் இருந்தன.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. கல்முனையில் வெடி கொளுத்தினார்கள் என்றும், சில தெருக்களில் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். மதினி எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டது ஒன்றுதான்: இனிப் பாதை திறக்குமா? என்னோடு முன்பு வேலை செய்த நிருபர் ஒருவர் வடக்கிலிருந்து வெளியேறியவர்களை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குப் போகிறவர். அவருக்குக் காக்காவின் படத்தை அனுப்பினேன். மாதங்கள் கழித்து, அப்படி ஒருவர் இல்லை என்று எழுதினார். எல்லா முகாமையும் பார்த்தாரா என்று மதினி கேட்டார். எல்லாவற்றையும் பார்க்க யாரையும் விடவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். மதினி அதைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஷிஃபானாவுக்குச் சம்பந்தம் பொருந்தியது. நிந்தவூர் மாப்பிள்ளை, கட்டாரில் வேலை, நோன்புப் பெருநாள் விடுமுறை முடிவதற்குள் நிக்காஹ் நடக்க வேண்டும். பெண்ணைக் கொடுக்க வலி என்ற ஆண் பொறுப்பாளர் வேண்டும். தந்தை, அவர் மௌத்து என்றால் தந்தையின் தந்தை, பிறகு சகோதரன், பிறகு தந்தையின் சகோதரன். வாப்பா இல்லை; ஷிஃபானாவுக்கு ஆண் சகோதரம் இல்லை. காக்கா மௌத்து என்றால் வலி நான். காக்கா எங்கோ இருக்கிறார், தொடர்பு இல்லை என்றால் மார்க்க நீதிபதியான காதி வலியாக நின்று முடித்துவைப்பார். இரண்டில் எது என்று குடும்பம் சொல்ல வேண்டும் என்று பதிவுகாரர் சொல்லிவிட்டார்.

காதியே நிற்கட்டும் என்றார் மதினி. ஷிஃபானா எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சாச்சா, நீங்கதான் என்னக் குடுக்கணும். வாப்பா எங்கயோ இரிக்காருண்டு செல்லிக் கலியாணம் முடிக்க எனக்கு ஏலா. அப்பிடி எண்டா அவர் என்னப் பாக்க வராம இரிக்காரு எண்டுதானே அருத்தம்?"

நான் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தாள்.

"அஞ்சி வருசமா அவருக்கு ஒரு யாஸீன் ஓதல்ல. ஓத உம்மா விடல்ல. அது மௌத்தான ஆக்களுக்கு ஓதுறதாம்."

6

போகும்போது நுனியைக் கொண்டுபோனேன். ஏன் என்று அப்போது தெளிவாகத் தெரியாது. காக்காவிடம் கொடுக்க வேண்டிய பொருள் என்னிடம் இருந்தது. கொடுக்க அந்த வீடுதான் மிஞ்சியிருந்தது.

யுத்தம் முடிந்தும் சோதனைச் சாவடிகள் முடியவில்லை. அம்பாறை வீதியில் ஒரு சிப்பாய் குழாயைப் பார்த்ததும் வேனை ஓரங்கட்டச் சொன்னார். திறக்கச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு தள்ளி நின்றார். நான் மீனுக்கான சிங்களச் சொல்லை மறந்துபோய்க் கையை வாலைப்போல் ஆட்டிக் காட்டினேன். அவர் நுனியை எடுத்தார். விரலால் வளைத்தார். பிறகு முகம் மாறி, தன் ஊர்க் குளத்தில் நிற்கிறவரைப்போல ஒருமுறை வீசிப் பார்த்தார். கவனமாகத் திருப்பித் தந்தார்.

மதினியின் புது வீடு கடலிலிருந்து தள்ளி, வயலை மூடிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் இருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குழாயைத் திறந்ததும் மதினி முதலில் கண்டது நூலைத்தான். நகத்தால் அதைத் தடவினார்.

"தம்பி, நீங்க பேப்பர்காரன். எனக்குப் பொய் செல்லப்படா. இது கடலுக்க கிடந்தா என்ன ஆகும்?"

இந்தக் கேள்விக்கு ஐந்து வருடமாக என்னிடம் பதில் இருந்தது. அடுக்களை வாசலில் ஷிஃபானா நின்றாள்.

"முழுக் கம்பு தாழும் மதினி. றீல் கனம்."

"மறுகா?"

"பசை கரையும். ஆறு கீத்தாப் பிரியும்."

"அப்ப, கரையில ஒதுங்கினாலும் ஆருக்கும் விளங்கிரிக்காது."

"ஓம்."

மதினி நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். கொல்லைப்புறத்துச் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அதை நீளமாக விட்டார். மூங்கில் மிதந்தது, பூண் பக்கம் மெல்லத் தாழ்ந்து அடியைத் தொட்டது.

"என்ன உம்மா செய்றீங்க?"

"பாப்பம்," என்றார் மதினி.

7

நிக்காஹுக்கு நான்கு நாள் இருந்தது. அந்தத் தொட்டியில் வீடு முழுக்கத் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூ செய்தது. ஒருவரும் கம்பை எடுக்கத் துணியவில்லை. பாத்திரம் கழுவ வந்த அயல்வீட்டுப் பெண், லண்டன் தம்பி கொண்டுவந்த மருந்துக் கம்பு, தண்ணி சுத்தமாகும் என்று விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மதினி விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போதெல்லாம் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்ப்பதை நான் கண்டேன். பதிவுகாரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

நிக்காஹ் அன்று காலை மதினி கம்பை வெளியே எடுத்து, பந்தலுக்காக வாங்கிய புதுப் பாயில் வைத்தார். மூங்கில் டொக்டர் ஒட்டிய மேல்முனை மட்டும் முழுதாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பிரிந்திருந்தது. ஆனால் விழவில்லை. காக்கா நூல் சுற்றிய ஒவ்வொரு இடத்திலும் ஆறு கீற்றும் இறுகிச் சேர்ந்திருந்தன. ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையில் வயிறு உப்பினாற்போல் அகன்று நின்றன. நூல் சாயம்கூடப் போகவில்லை.

மதினி ஒவ்வொரு சுற்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிச் சுற்றில் விரலை வைத்தபடி பேசினார்.

"நீங்களே கைபிடிச்சிக் குடுங்க தம்பி."

ஷிஃபானா அழவில்லை. உள்ளே போனாள். மருதோன்றி போட்ட கையோடு, தலைக்குச் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் யாஸீன் ஓதுவது கூடத்துக்குக் கேட்டது. பந்தலில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் அடுக்கினார்கள்.

நண்பகல் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெண்ணின் தந்தை என்று பதிவுகாரர் கேட்டார். மௌத்து என்றேன். அந்தச் சொல்லை நான் முதன்முறையாகச் சத்தமாகச் சொன்னது அங்கேதான், பிரியாணி மணக்கும் பந்தலில், முன்பின் தெரியாத நிந்தவூர்க்காரர்கள் நடுவே.

மாலையில் மதினி மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்: இனித் தான் இத்தா இருக்க வேண்டுமா? கணவன் மௌத்தான நாளிலிருந்தே அந்த நான்கு மாதமும் பத்து நாளும் கணக்காகும். மனைவிக்குத் தெரியாமல் இருந்தாலும் காலம் போனால் போனதுதான் என்று பதில் வந்தது. மதினி கழுவிய சகன் தட்டுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாமலே இத்தா முடிஞ்சி போயிரிக்கி," என்றார்.

8

நுனியை நான் திருப்பிக் கொண்டுவரவில்லை. மதினி அதைக் காயவைத்து, அறைச் சுவரில் இரண்டு ஆணியின்மேல் வைத்திருக்கிறார். மறுபடி ஒட்டலாம், தண்ணீரில் கரையாத பசை இப்போது உண்டு என்று டொக்டர் சொன்னதைத் தெரிவித்தேன். வேண்டாம் என்றுவிட்டார். போன மாதம் ஒரு சந்தையில் பழைய அடித்துண்டு ஒன்றைக் கண்டேன். கை தானாகக் குழாயைத் தேடிற்று. தோளில் குழாய் இல்லை. கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

இன்று இருபத்தாறு. ஆற்றோரப் புல்லில் பனி இருந்தது. காலையில் புறப்படும்போது, எங்கே போகிறேன் என்று ஸாரா தலையணையிலிருந்து கேட்டாள்; சொன்னேன்; மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். நண்பகலுக்குப் பிறகு மருதமுனைக்கு எடுத்தேன். யாரையும் எங்கும் கண்டதாக மதினி சொல்லவில்லை. காக்காவின் பெயரில் கத்தம் ஓதிப் பள்ளிவாசலுக்குச் சோறு அனுப்பியதாகவும், ஷிஃபானா வந்து நிற்பதாகவும் சொன்னார். பிறகு அடுப்பைத் தணிக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் என்னிடம் பேசினார்.

"இண்டைக்கு மீன் ஏதும் பட்டதா?"

"ஒண்டு பட்டது மதினி."

"பெரிசா?"

"சின்னன்தான். விட்டுட்டன்."

"ம்," என்றார். "சோறு மிச்சம் இரிக்கி. நீங்க இஞ்ச இருந்தா தின்னலாம்."

வெளிச்சம் குறையத் தொடங்கியது. கம்பை இரண்டாகக் கழற்றினேன். அடியையும் நுனியையும் பூணையும் துணியால் துடைத்தேன். ஈரத்தோடு உறையில் போடக்கூடாது.